பெரியம்மாவின் வீட்டுக்குக் கம்பியா, அலாரமா, மின்வேலியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில், சில்வர்க்ளென் காட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது என் பெரியம்மாவின் வீடு. சென்ற ஆண்டு புனித வெள்ளியன்று வீட்டார் எல்லோரும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்த நேரத்தில் அங்கே திருடன் புகுந்தான். அவன் எதையும் உடைக்கவில்லை. சமையலறை ஜன்னல் காற்றுக்காக ஒரு சாண் திறந்திருந்தது. அதற்குக் கம்பியும் இருந்தது. ஆனால் கம்பிகளின் இடைவெளியில் ஒரு கை தோள் வரை நுழையும், ஜன்னலுக்கும் பின்கதவுக்கும் இடையே இரண்டடிதான், கதவின் உட்புறப் பூட்டிலோ சாவி வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டுச் சாவியைத் திருப்பி, கதவைத் திறந்து, தொலைக்காட்சியையும் கேஸ் சிலிண்டரையும் அலமாரியில் கிடந்த இரண்டு ஜோடிக் கம்மல்களையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே அவன் போய்விட்டான்.

அதன் பிறகு பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து 25,000 ராண்ட் திரட்டினார்கள். பணம் சேர்ந்ததும் கருத்து பிரிந்தது. பெரிய அண்ணன் அலாரம் போட்டு ஆயுதக் காவல் நிறுவனத்தோடு இணைக்க வேண்டும் என்றார். மருமகன் சுற்றுச்சுவர் மீது மின்வேலி என்றார். ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் மகள், தான் அங்கிருந்தே பார்க்கும்படி கேமரா என்றாள். பெரியம்மா, "எனக்கு ஒரு நாய் வாங்கிக் குடுங்கப்பா, போதும்" என்றார். ஒவ்வொன்றையும் விசாரித்து ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் கடை கடையாகவும் தெரு தெருவாகவும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் எந்தத் திருடனுக்கு எதிராக இந்தப் பணத்தைச் செலவிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆள் இருக்கும் வீட்டில் ஆயுதத்தோடு புகுந்து மிரட்டுவதையும், ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடுவதையும் தென்னாப்பிரிக்கப் போலீசார் தனித்தனிக் குற்றங்களாகவே கணக்கிடுகிறார்கள். முன்னதைப் பற்றிய பயம்தான் எல்லோரையும் இரவில் விழிக்க வைக்கிறது; ஆனால் நாட்டின் புள்ளிவிவரத் துறை வீடு வீடாகக் கேட்டு நடத்தும் குற்ற ஆய்வில், குடும்பங்கள் அதிகம் சந்திப்பதாக வருவது பின்னதே. பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தவன் பல நாள் வேவு பார்த்தவன் அல்லன் என்பது அவன் விட்டுச் சென்றவற்றிலிருந்தே தெரிந்தது. படுக்கையறையின் பூட்டிய பெட்டியை அவன் தொடவே இல்லை. இப்படிப்பட்டவன் தெருவோடு நடந்து வருவான், கேட்டைத் தட்டி வேலை இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பான், பதில் வராவிட்டால் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பான். குப்பை எடுக்கும் நாளில் புதுத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி, மறுசுழற்சிக் குப்பைக்கான ஆரஞ்சு நிறப் பையோடு வாசலில் சாய்ந்திருந்தால், அதுவே அவனுக்கு விளம்பரப் பலகை. அவன் கையில் பெரும்பாலும் ஒரு திருப்புளிதான் இருக்கும். தாமதமும் பிறர் கண்ணில் படுவதும்தான் அவனுக்கு ஆகாதவை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் இரண்டே கேள்விகளால் அளந்தேன்: அது அவனை எத்தனை நிமிடம் நிறுத்தி வைக்கும், அந்த நிமிடங்களில் அவனை யாராவது பார்ப்பார்களா?

ஜன்னல் கம்பியும் கிரில் கேட்டும் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்பவை. மின்சாரம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம், யாரும் நினைவாகப் பொத்தானை அழுத்த வேண்டாம். ஆனால் இங்கே பர்க்லர் கார்ட் என்று எல்லோரும் ஒரே பெயரால் சொல்லும் பொருளில் ஏணி வைத்தாலும் எட்டாத தர வேறுபாடு உண்டு. விலை குறைந்தவை உள்ளீடற்ற மெல்லிய குழாய்கள். அவற்றை ஜன்னல் சட்டத்தில் நான்கு சாதாரணத் திருகாணிகளால் பொருத்திவிட்டுப் போகிறார்கள், வெளியிலிருந்தே திருப்புளியால் கழற்றிவிடலாம். பெரியம்மாவின் வீடு போல நகராட்சி 1960களில் கட்டிய வீடுகளில் இரும்புச் சட்ட ஜன்னல்கள் இருப்பதால், திண்மையான கம்பிகளைச் சட்டத்தோடு பற்றவைத்துவிடுவதே நல்லது. மரச் சட்டமாக இருந்தால் கம்பியைச் சட்டத்தில் அல்லாமல் சுவரிலேயே போல்ட் போட்டு, போல்ட்டின் தலையைத் தேய்த்துவிட வேண்டும். இடைவெளி முக்கியம். ஆள் நுழைய முடியாத இடைவெளி போதும் என்று கொல்லர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கதவருகே இருக்கும் ஜன்னலில் கை நுழைய முடியாத இடைவெளி வேண்டும். இல்லையென்றால் குச்சியில் கொக்கி கட்டிக் கைப்பையையும் கைபேசியையும் தூண்டில் போட்டு இழுப்பவர்களுக்கும் அதே இடைவெளி உதவும்.

டர்பனில் துருவும் ஒரு எதிரி. கடலை ஒட்டிய மியர்பேங்கிலும் இசிப்பிங்கோவிலும் சாதாரண இரும்புக் கம்பி சில ஆண்டுகளிலேயே சட்டத்தோடு சேருமிடத்தில் கொப்புளித்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும், காலால் உதைத்தால் பிய்ந்துவிடும். அங்கே துத்தநாகம் பூசியதையோ அலுமினியத்தையோ வாங்குவது செலவல்ல, மிச்சம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கம்பிகள் இப்போது பரவலாகியிருக்கின்றன. அவை துருப்பிடிக்காது, வீடு சிறைச்சாலை போலத் தோன்றாது. ஆனால் வெயில் தடுப்பு இல்லாத மலிவு ரகம் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். இதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. சந்தர்ப்பத்துக்காகத் திரியும் திருடனுக்குத் தடை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தெரியாத தடை அவன் கண்ணாடியை உடைத்த பிறகுதான் அவனைத் திருப்பி அனுப்பும், உடைந்த கண்ணாடிக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

கம்பிக்கு எதிராகச் சொல்ல வேண்டிய பெரிய வாதம் தீ. எல்லா ஜன்னலையும் அடைத்து, எல்லாக் கதவுக்கும் கிரில் போட்டுப் பூட்டிய வீட்டில் இரவில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு வழியில்லை. எழுபத்து நான்கு வயதில் மூட்டுவலியோடு இருக்கும் பெரியம்மாவுக்கு இது ஏட்டுச் சுரைக்காய்ப் பேச்சன்று. ஆகவே படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றேனும் உள்ளிருந்து திறக்கக்கூடிய கீல் வைத்த கம்பியாக இருக்க வேண்டும். சாவி, உள்ளிருப்பவர் இருட்டில் தடவியே எடுக்கக்கூடியதாகவும் வெளியிலிருந்து நீளும் கைக்கு எட்டாததாகவும் ஓர் இடத்தில் தொங்க வேண்டும். பின்கதவுச் சாவிக்கும் இதே விதிதான். அந்த ஆணியை அடிப்பதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. அது முன்பே அடிக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அலாரம் இரண்டாம் கேள்விக்குரியது. வீட்டுக்குள் ஆள் நடமாட்டத்தை உணரும் கருவிகள் மட்டும் இருந்தால், திருடன் உள்ளே வந்த பிறகுதான் அது அலறும். முற்றத்திலும் பின்புறத்திலும் வைக்கும் வெளிப்புற பீம்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத கதிர்களை யாராவது மறித்தால் உணரும் கருவிகள், அவன் கதவைத் தொடுவதற்கு முன்பே அலறும். விலை வேறுபாடு இருந்தாலும் வெளிப்புற பீம்களையே நான் பரிந்துரைப்பேன், அதுவும் ஆள் வீட்டிலிருக்கும்போதும் இயக்கி வைக்கலாம் என்பதற்காக. ஆனால் எங்கள் பகுதியில் அதற்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு: குரங்குகள். சில்வர்க்ளென் பக்கமிருந்து காலையில் கூட்டமாக இறங்கி, மாங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் கூரை கூரையாகத் தாவும் வெர்வெட் குரங்குகள், தவறான உயரத்தில் பொருத்திய பீமை ஒரு நாளில் பத்து முறை அலறவைக்கும். பத்து முறை பொய்யாக அலறிய அலாரத்தைப் பதினோராவது முறை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைவிட மோசமாக, வீட்டுக்காரரே அதை நிறுத்திவைத்துவிடுகிறார். இரண்டு கதிர்களும் ஒருசேர மறிக்கப்பட்டால் மட்டும் ஒலிக்கும் வகை பீம்களை, சுவர் உச்சியையும் மரக்கிளையையும் பார்க்காத கோணத்தில் பொருத்தச் சொல்வதே இதற்கு வழி.

அடுத்தது மின்கலம். என் சொந்த வீட்டிலேயே பட்ட பாடு இது. லோட்ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல், அலாரப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயக் கலம் ஒரு மின்வெட்டில் வடிந்து, மறுபடி முழுதாக நிரம்புவதற்குள் அடுத்த மின்வெட்டைச் சந்தித்து, சில மாதங்களில் செத்துப்போயிற்று. மாதந்தோறும் தவறாமல் கட்டணம் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அதை எனக்குத் தெரிவிக்கவே இல்லை. சோதனைக்காக ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தபோது அலாரத்தின் விளக்குகள் மூன்று நிமிடத்தில் அணைந்தன. அட்டவணை போட்ட மின்வெட்டு 2024 மார்ச் மாத இறுதியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது என்றாலும், கேபிள் திருட்டாலும் பழைய துணைமின்நிலையங்களாலும் தெருக்கள் இருளில் கிடப்பது ஓயவில்லை. லித்தியம் கலத்துக்கு மாறுவது நல்லது. மாறாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்து அலாரம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அவசியம்.

அலாரத்தை ஆயுதக் காவலோடு இணைப்பதற்கு மாதம் சில நூறு ராண்ட் ஆகும். இந்த நாட்டில் தனியார் காவலர்களின் எண்ணிக்கை போலீசாரைவிடப் பன்மடங்கு. போலீசின் அவசர எண்ணான 10111க்கு அழைத்துக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சிலவற்றைக் கேட்டறியாமல் கையொப்பமிடக் கூடாது. நிறுவனமும் அதன் காவலர்களும் 2001ஆம் ஆண்டின் 56ஆம் சட்டத்தின்கீழ் அமைந்த தனியார் காவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவர்களா என்று பார்க்க வேண்டும். உங்கள் பகுதியில் இரவில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று நிறுவனத்திடம் கேட்பதைவிட, எதிர்வீட்டுக்காரரிடம் கேட்பது உண்மையான பதிலைத் தரும். அலாரச் செய்தி வானொலி அலை வழியாகப் போகிறதா, கைபேசிக் கோபுரம் வழியாகவா என்றும் கேளுங்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரமும் படுத்துவிடும். வந்து சேரும் காவலருக்கு, கைது செய்யும் அதிகாரம் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதைவிட அதிகமில்லை. அவர் வருவது திருடனை ஓடவைப்பதற்கும், உங்களோடு கூட நிற்பதற்கும்தான். பெரியம்மாவைப் போலத் தனியே இருப்பவர்களுக்கு அந்தக் கூட நிற்றலே பெரிய பொருள் என்பதால், கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான் இந்த வழியின் மிகச் சிறந்த பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பந்த காலம் பற்றி ஒரு வார்த்தை. 36 மாதம் என்று அச்சிட்ட தாளை நீட்டுகிறார்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தத்துக்குப் பொதுவான உச்சவரம்பு 24 மாதம். அதற்கு முன்பே விலக விரும்பினாலும் 20 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து, நியாயமான ஒரு தொகையைக் கட்டி விலகலாம். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள் சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்.

மின்வேலியைப் பற்றி மருமகனோடு நெடுநேரம் வாதாட நேர்ந்தது. ரிசர்வாயர் ஹில்ஸில் உள்ளதைப் போல நாற்புறமும் சுவர் எழுப்பிய தனி வீட்டுக்கு அது நல்ல காவல்: தடையாகவும் நிற்கும், அறுத்தால் அலறவும் செய்யும், பார்த்தவுடனே மிரட்டவும் செய்யும். பெரியம்மாவின் வீடோ நடுச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு. அடுத்த வீட்டுக் கூரையில் ஏறியவன் ஒரு எட்டில் இந்தக் கூரைக்கு வந்துவிடலாம். பின்பக்கச் சரிவில் கொடியும் புதரும் மழைக்காலத்தில் வாரத்துக்கு ஓர் அடி வளர்வதுபோல் வளர்ந்து கம்பியைத் தொடும், தொட்டால் வேலி வலுவிழக்கும் அல்லது பொய்யாக அலறும். 2012 அக்டோபர் 1 முதல் புதிதாக அமைக்கும் மின்வேலிக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். எச்சரிக்கைப் பலகைகள் வேண்டும். கம்பிக் கால்கள் அயலாரின் பக்கம் சாய்வதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். சுவரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்வேலி போடுவது, பாதி வாய்க்காலுக்கு மட்டும் கரை கட்டுவது போன்றது என்று நான் சொன்னதை மருமகன் இன்னும் ஏற்கவில்லை.

கேமராவுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. திருடனை அது நிறுத்தாது. முகத்தைப் பதிவு செய்யும், அந்த முகம் தொப்பிக்குள்ளும் இருக்கலாம். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். ஜோகன்னஸ்பர்கிலிருந்து மகள் பார்த்துக்கொண்டே இருந்தாலும், பார்த்தபின் அவள் யாரை அழைப்பாள் என்பதற்குப் பதில் இல்லாதவரை அது திருட்டை நேரலையில் காண்பதற்கான செலவு மட்டுமே. அதற்குப் பதிலாக, ஆள் அசைந்தால் எரியும் சூரியசக்தி விளக்குகளை இருண்ட பக்கச் சந்திலும் பின்கதவு மேலும் பொருத்துவது பலமடங்கு மலிவு, பலமடங்கு பயன்.

நாய் விஷயத்தில் பெரியம்மா சொன்னதில் உண்மை உண்டு. வீட்டுக்குள் படுத்து எதற்கும் குரைக்கும் சின்ன நாய் நல்ல அலாரம்தான். வெளியே விடும் பெரிய நாய்க்கு இந்த நாட்டில் ஒரு கொடிய ஆபத்து இருக்கிறது: இறைச்சியில் விஷம் கலந்து சுவருக்கு மேல் எறிவார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் நாய் விழுந்துவிடும் என்பதால் அந்த நஞ்சுக்கே தெருவில் டூ-ஸ்டெப் என்று பெயர். அதுவும் போகட்டும், பெரியம்மா மூன்று மாதம் மகள் வீட்டில் இருக்கும்போது நாய்க்குச் சோறு யார் வைப்பது?

காப்பீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்க முடியாது. திறக்கும் ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பியும் வெளிக்கதவுகளுக்குக் கிரில் கேட்டும் இருக்க வேண்டும் என்பது பல பாலிசிகளில் எழுதப்பட்ட நிபந்தனை. அலாரம் இருப்பதாக அறிவித்துக் கட்டணக் குறைப்புப் பெற்றிருந்தால், திருட்டு நடந்த நேரத்தில் அது இயக்கப்பட்டிருந்ததா என்று பதிவேட்டைக் கேட்பார்கள். இயக்காமல் போயிருந்தால் இழப்பீட்டை மறுப்பதற்கு அது போதும். மறதி உள்ள வீட்டில், இல்லாத அலாரத்தைவிட இயக்காத அலாரம் அதிக நஷ்டம் தரலாம். நகைகளைப் படம் எடுத்து, எடையும் ரசீதும் சேர்த்து வைத்திருப்பதும் இங்கேதான் உதவும். பெரியம்மாவின் கம்மல்களுக்குப் பழைய கல்யாண ஆல்பத்தில் காதோரம் மினுங்கும் ஒரு புள்ளியைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை.

காசு கேட்காத வழி ஒன்றும் இருக்கிறது. எதிர்வீட்டு ஆயா காலை ஆறு மணியிலிருந்து வராந்தாவில் அரிசி புடைத்துக்கொண்டும் தெருவைப் பார்த்துக்கொண்டும் இருப்பவர். திருட்டு நடந்த அன்று அவரும் அதே கோவிலில் இருந்தார். தைப்பூசக் காவடிக்கும் புனித வெள்ளிக்கும் ஒரு தெரு முழுதும் ஒன்றாகக் காலியாவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. துக்க வீட்டு அடக்க நேரத்தைப் பேஸ்புக்கில் போடுகிறோம், அதுவும் வீடு காலியாகும் நேரத்தின் அறிவிப்புத்தான். தெரு வாட்ஸ்அப் குழுவில் இப்போது விழா நாட்களுக்கு முறை வைத்து, காலையில் ஒரு வீட்டாரும் மாலையில் ஒரு வீட்டாரும் தங்கிவிடுவதென்று பேசி முடித்திருக்கிறோம். இது எல்லாத் தெருவிலும் நடக்காது. முகம் கொடுத்துப் பேசாத அயலார் உள்ள இடத்தில் இந்த வரியை அடித்துவிட்டு, அந்தக் கனத்தை அலாரத்தின் பக்கம் ஏற்ற வேண்டும்.

ஒரு முறை திருடப்பட்ட வீடு அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி திருடப்படும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம் என்பது குற்றவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. வழி தெரிந்துவிட்டது, காப்பீட்டில் புதுத் தொலைக்காட்சியும் வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே வேலைகளின் வரிசையை விலையை வைத்து அல்லாமல் அவசரத்தை வைத்து அமைத்தோம். முதல் வாரத்திலேயே பின்கதவுக்குக் கிரில் கேட்டும், சமையலறை ஜன்னலுக்கு நெருங்கிய கம்பியும், சாவிக்கு ஆணியும், சந்தில் இரண்டு விளக்குகளும். அடுத்த மாதம் மற்ற ஜன்னல்கள், படுக்கையறையில் கீல் வைத்த கம்பி. இவ்வளவிலேயே பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மீதியில் வெளிப்புற பீம்கள் இரண்டும் வானொலி அலை அலாரமும் அவசரப் பொத்தானும். மாதக் கட்டணத்தைப் பெரிய அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

பீம் பொருத்த வந்த இளைஞர் ஏணியில் நின்றபடி, "ஆன்ட்டி, இந்த மாமரக் கிளையை வெட்டினாத்தான் குரங்கு வந்து அலாரத்தைக் கெடுக்காது" என்றார். பெரியம்மா கிளையை நிமிர்ந்து பார்த்தார். காய்ப்பு முடியட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதனால் பின்புற பீம் இப்போதைக்கு இரவில் மட்டும் இயங்குகிறது.